ஒழுங்காகக் கட்டியும் குறையாத கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரெடிட் கார்டு கடன் என்று பேச்சு வந்தாலே, 'ஆடம்பரமாகச் செலவு செய்தார்கள், மாட்டிக்கொண்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்க்கிறவர்கள் மாதாமாதம் தேதி தவறாமல் பணம் கட்டுகிறவர்கள். வங்கி கேட்ட தொகையை, கேட்ட தேதிக்குள் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய கடன்தான் குறையாமல் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கருங்கல்லில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சென்டரும் நடத்துகிறேன். கரண்ட் பில், வீட்டு வரி, பட்டா விண்ணப்பம், பிள்ளைகளின் கல்லூரி அப்ளிகேஷன், கல்ஃபுக்குப் போகிறவர்களின் டிக்கெட் என்று எல்லாம் வரும். சில வருடங்களாக கார்டு பில் கட்டவும் ஆட்கள் வருகிறார்கள். கொத்தனார்கள், மீன் வியாபாரம் செய்கிற பெண்கள், தையல் கடை வைத்திருப்பவர்கள், கல்ஃபில் கணவர் இருக்கும் குடும்பப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். போனில் வந்த மெசேஜைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அந்த மெசேஜில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை. இன்னொன்று மினிமம் டியூ, அதாவது இந்த மாதம் குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்டுங்கள் என்கிற தொகை. பெரும்பாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அந்தச் சின்னத் தொகையைப் போட்டுரு மக்களே."

அவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கடன் வாங்காத வீடு குறைவு. நகைக்கடன், குழு லோன், சீட்டு, வீட்டு லோன், பைக் தவணை என்று எல்லாம் பழகியவர்கள் நாம். இவை எல்லாவற்றிலும் சொன்ன தொகையைச் சொன்ன தேதியில் கட்டினால் கடன் ஒரு நாள் முடியும். 24 தவணை என்றால் 24-ல் முடியும். குழு லோனில் அட்டையில் எழுதிக்கூடத் தருவார்கள், எத்தனை வாரம் போயிற்று, எத்தனை பாக்கி என்று. அந்தப் பழக்கத்தில் கார்டு பில்லையும் பார்க்கிறார்கள். குறைந்தபட்சத் தொகையைத் தவணை என்றே நினைக்கிறார்கள். அது தவணை அல்ல. அந்த மாதம் உங்கள் பெயர் முடக்கத்தில், அதாவது பணம் கட்டாதவர் கணக்கில், போகாமல் இருக்க வங்கி வாங்கிக்கொள்ளும் தொகை, அவ்வளவுதான். அதை எத்தனை வருடம் கட்டினால் கடன் முடியும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

ஒரு கொத்தனாரின் கணக்கைச் சொல்கிறேன். ஐம்பது வயது தாண்டியவர், நல்ல வேலைக்காரர். மனைவிக்கு ஆபரேஷன் என்று அவசரத்தில் கார்டைத் தேய்த்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் வேறு எங்கே போவது? அப்புறம் பில் 50,000 ரூபாய் வந்தது. குறைந்தபட்சத் தொகை என்று 2,500 ரூபாய் போட்டிருந்தார்கள். பல கார்டுகளில் இது மொத்தத்தில் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அவரும் கட்டினார். அந்த மாதம் கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை. அடுத்த பில் என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 47,500. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,662 ரூபாய் 50 காசு. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 299 ரூபாய் சொச்சம். ஆக அடுத்த பில் 49,462 ரூபாய். கையிலிருந்து போனது 2,500, கடனில் குறைந்தது 538.

இதே மாதிரி ஒரு மாதம்கூட முடக்காமல் ஒரு வருடம் கட்டினால் மொத்தம் 28,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். பில்லில் இன்னும் கிட்டத்தட்ட 44,000 ரூபாய் நிற்கும். கடன் பாதியாகக் குறைய ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவு செய்யாமல் இருந்தால். நாள் கணக்கைப் பொறுத்துத் தொகை கொஞ்சம் கூடலாம், ஆனால் போக்கு இதுதான். நான் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நான் ஒரு மாசம்கூட முடக்கினது இல்லியே, பின்ன எப்படி?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வங்கிக்காரர்கள். அவர்கள் சொல்லாததால்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மூன்றரை சதவீதம் என்பதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் உறைக்கும். நம் பக்கத்தில் வட்டியை நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். ஒரு வட்டி, ஒன்றரை வட்டி என்றால் பரவாயில்லை. இரண்டு வட்டி என்றால் யோசிப்போம். மூன்று வட்டிக்கு ஒருவர் பணம் வாங்கினார் என்று கேள்விப்பட்டால், 'அவனிடம் ஏன் போனாய்' என்று வீட்டில் சண்டையே நடக்கும். கார்டில் ஓடுகிறது மூன்றரை வட்டி, ஜிஎஸ்டியோடு சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் பதிமூன்று காசு. பல கார்டுகளில் மூன்றே முக்கால் வரை போகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 42 சதவீதம், 45 சதவீதம். வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே தெரியும். இது போனுக்குள் ஓடுவதால் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை.

சரி, இவ்வளவு வட்டி வாங்கச் சட்டம் விடுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த 30 சதவீதக் கூரை இப்போது இல்லை. பில்லைப் படித்துப் புரிந்துகொள்கிற வேலை முழுக்க நம் தலையில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. கார்டில் வாங்கினால் 45 நாள், 50 நாள் வட்டி இல்லை என்று சொல்லித்தான் கார்டு கொடுக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டினால் மட்டும். கொஞ்சம் மீதி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். மீதித் தொகைக்கு, பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி போடுவார்கள். அதோடு அடுத்த மாதம் புதிதாக வாங்கும் அரிசி, மருந்து, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். பாக்கியை முழுதாக அடைக்கும் வரை வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. பாக்கி வைத்துக்கொண்டே அதே கார்டில் பலசரக்கு வாங்குகிறவர்கள், அந்தப் பலசரக்கையும் நாலு வட்டிக்கு வாங்குகிறார்கள். இப்போது ரூபே கிரெடிட் கார்டை போனில் சேர்த்துவிட்டு டீக்கடையில்கூட ஸ்கேன் செய்து கொடுக்க முடிகிறது. காசு சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு நம்பரைப் போடுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதையெல்லாம்விட மோசம். அதற்கு வட்டியில்லாத நாள் என்று ஒன்றும் இல்லை. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. வலை வாங்கவும் படகு இன்ஜின் பழுது பார்க்கவும் இப்படிப் பணம் எடுத்தவர்கள் இனயம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு என்றே ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கார்டு கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் மாதச் சம்பளம் வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு கடைசித் தேதி வைக்கிறார்கள். இங்கே நிறையப் பேருக்கு வருமானம் மழையையும் கடலையும் நம்பி இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே ஜூனில்தான் பருவமழை பிடிக்கிறது. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டு சரியாக நடக்காது, வெட்டினாலும் மழைத் தண்ணீர் சிரட்டையை நிறைத்துவிடும். கட்டட வேலையும் படுத்துவிடும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம், வேன் காசு. வருமானம் நிற்கிற மாதமும் செலவு குவிகிற மாதமும் ஒன்றாக வந்து நிற்கும்போது கார்டைத்தான் எடுக்கிறார்கள். ஆகஸ்டில் படகு போனதும் அடைத்துவிடலாம் என்பது கணக்கு. ஆகஸ்டில் மீன்பாடு சுமாராக இருந்தால் சின்னத் தொகை. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஓணம். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்ததும் கிறிஸ்துமஸ் துணி. இப்படித்தான் ஜூன் மாத ஃபீஸ் மறு ஜூன் வரைக்கும் பில்லில் இருக்கிறது. ஃபீஸுக்காக எடுத்த கடனை ஒருவர்கூட ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்.

ஆகவே நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். பாக்கி நிற்கும் கார்டில் இன்றிலிருந்து ஒன்றும் வாங்காதீர்கள். வீட்டில் வேறு எங்கெல்லாம் எவ்வளவு கடன், எந்த வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கல்ஃபில் இருப்பவருக்கு அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள், அவருக்குத் தெரியாமல் மறைப்பதால் வட்டி நிற்கப்போவதில்லை. அந்தத் தாளில் அதிக வட்டி எதுவோ அதற்கு முதலில் பணம் போக வேண்டும். அது பெரும்பாலும் கார்டாகத்தான் இருக்கும்.

வீட்டில் நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பணயம் வைத்துக் கார்டை ஒரேயடியாக அடைப்பது நல்லது என்பது என் கருத்து. நகையை வெளியே எடுக்க நம் பெண்களுக்கு மனது வராது, எனக்குத் தெரியும். ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு பத்து சதவீதம் என்று வைத்தால் மாதம் 417 ரூபாய். அதே 50,000 கார்டில் இருந்தால் வட்டியும் வரியுமாகச் சுமார் 2,000 ரூபாய். நகை பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதிக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். ஒன்று மட்டும் கவனம்: நகைக்கடனைப் புதுப்பிக்கும் தேதியை விட்டுவிட்டால் ஏலத்துக்குப் போகும். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள். அடைத்த கார்டில் மறுபடியும் செலவு செய்தால் இரண்டு கடனாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நகை இல்லாதவர்கள் வங்கியின் எண்ணுக்குப் பேசி, பாக்கித் தொகையை இஎம்ஐயாக மாற்றித் தரக் கேட்கலாம். அதற்கு வட்டி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், எத்தனை மாதத்தில் முடியும் என்றும் தெரிந்துவிடும். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, மொத்த வட்டி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள். இதுவும் நடக்கவில்லை என்றால், குறைந்தபட்சத் தொகையைப் பார்க்காமல் நீங்களே ஒரு தொகையை முடிவு செய்து மாதாமாதம் அதையே கட்டுங்கள். அந்தக் கொத்தனார் 2,500-க்குப் பதிலாக மாதம் 5,000 கட்டினால் பதின்மூன்றாவது மாதம் கணக்கு முடிந்துவிடும். அவர் இப்போது அப்படித்தான் கட்டுகிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலைக்குப் போகிறார்.

முழுதாக அடைத்த பிறகு நிறையப் பேர் மாட்டுகிற ஓர் இடம் இருக்கிறது. பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய வட்டி, அடுத்த மாத பில்லில் வரும். 300, 400 ரூபாயாக இருக்கும். 'அதுதான் அடைத்தாயிற்றே' என்று மெசேஜைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னத் தொகைக்குத் தாமதக் கட்டணம் ஏறி, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கிற சிபில் கணக்கிலும் முடக்கம் என்று பதிவாகிவிடும். முழுதாகக் கட்டிய பிறகும் பில்லில் பூஜ்யம் வரும் வரை பாருங்கள்.

இனி ரிசர்வ் வங்கி விதிகள். 2022 ஏப்ரலில் கார்டுகளுக்கென்று விரிவான விதிகளை வெளியிட்டார்கள். அதில் மக்களுக்குச் சாதகமாக நிறைய இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடைசித் தேதி ஒரு நாள் தாண்டிவிட்டது என்று ஓடி வருகிறார்கள். மூன்று நாளைத் தாண்டிய பிறகுதான் தாமதக் கட்டணம் போடவும் சிபிலுக்குச் சொல்லவும் முடியும். அந்தக் கட்டணத்தையும் கட்டாமல் நிற்கும் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பில் அனுப்பிய பிறகு பணம் கட்ட குறைந்தது இரண்டு வாரமாவது தர வேண்டும். பில்லில் ஏதாவது தவறு என்று புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பில் தேதியை நம் வசதிக்கு ஏற்ப குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளலாம். கல்ஃப் பணம் முதல் வாரம் வருகிற வீட்டில் கடைசித் தேதி 28 என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் தடுமாற்றம்தான். அதை 10-ஆம் தேதிவாக்கில் வரும்படி மாற்றிக் கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும்.

கேட்காமலே கார்டு அனுப்பக் கூடாது என்பதும் விதிதான். அப்படி அனுப்பி, சம்மதம் இல்லாமல் பில்லும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தர வேண்டும். கார்டோடு இன்ஷூரன்ஸைச் சேர்க்கவும் உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பில்லில் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை போய்க்கொண்டிருந்தது. வரி வரியாகப் பார்த்தபோது அது இன்ஷூரன்ஸ் என்று தெரிந்தது. அவர் கேட்கவே இல்லை. எழுத்தில் புகார் கொடுத்த பிறகு பணம் திரும்ப வந்தது. போனில் பேசியபோதெல்லாம் 'பார்க்கிறோம் மேடம்' என்றுதான் சொன்னார்கள். அதனால் எதையும் மெயிலிலோ கடிதத்திலோ கேளுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

கார்டு வேண்டாம் என்று முடிக்கச் சொன்னால், பாக்கி எதுவும் இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, கார்டை முடிக்கச் சொல்லிப் பல முறை கேட்டும் 'உங்களுக்கு ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்' என்றே இழுத்தடித்தார்கள். அந்த 500 ரூபாய் விதியைக் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்பினோம். அந்த வாரமே கார்டு முடிந்தது.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வங்கிகள், நிதி நிறுவனங்கள், டிஜிட்டல் பரிவர்த்தனைகள் என்று தனித்தனியாக இருந்த திட்டங்களை 2021 நவம்பரில் ஒரே திட்டமாகச் சேர்த்தார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணுக்கு அடித்தால் தமிழிலேயே விவரம் சொல்வார்கள். ஓடிபி கேட்டு ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

பணம் கட்ட முடியாமல் போய்விட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. தம்பி வாங்கிய கார்டுக்காக அக்காளின் போனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அழைப்பு வந்த வீட்டை எனக்குத் தெரியும். கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற பெண். போன் அடித்தாலே கை நடுங்கும் என்றாள். கடன் வாங்கியது குற்றமல்ல, அவளோ கடனே வாங்கவில்லை. இப்படி வரும் அழைப்புகளின் நேரத்தையும் எண்ணையும் குறித்து வைத்து, முதலில் வங்கிக்கும் பிறகு குறைதீர்ப்பாளருக்கும் புகார் கொடுங்கள். மிரட்டல் என்றால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்காதீர்கள்.

வங்கி தானே முன்வந்து, பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று சொன்னால், சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாக வராது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நாளைக்குப் பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ அது குறுக்கே நிற்கலாம். வேறு வழியே இல்லை என்றால் செய்துகொள்ளலாம், ஆனால் பணம் கட்டும் முன்பே வங்கியின் கடிதம் கையில் இருக்க வேண்டும், வசூல் ஆளின் வாய்ப்பேச்சு போதாது. சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். சிபில் மாதிரி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, நான்கும் ஆளுக்கொரு முறை இலவசமாகத் தர வேண்டும்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால் கடன் அடைய மாதங்களும் வருடங்களும் ஆகும், வட்டி ஏறிக்கொண்டே போகும் என்ற எச்சரிக்கையை பில்லில் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போடுகிறார்கள், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். விதிமுறைகள் எளிய நடையில், முடிந்தவரை ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. கார்டு விற்க வரும்போது தமிழில் அழகாகப் பேசுகிறார்கள். கருங்கல்லிலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் துணிக்கடை வாசலில் மேசை போட்டு அழைக்கும்போது தமிழ் வருகிறது. பில்லிலும் மெசேஜிலும் தமிழ் வரட்டும். 'நீங்கள் போன மாதம் கட்டியது 2,500. அதில் வட்டிக்கும் வரிக்கும் போனது 1,962. கடனில் குறைந்தது 538' என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும். அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் என் கடைக்கு வந்து சின்னத் தொகையைப் போடு என்று சொல்ல மாட்டார்கள். வங்கிகளின் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும்.

மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதி எழுத்தறிவு முகாம்களில் சேமிப்புக் கணக்கு, விபத்துக் காப்பீடு பற்றியெல்லாம் பேசுகிறார்கள், நல்லது. அதோடு ஓர் உண்மையான கார்டு பில்லைத் திரையில் போட்டு வரி வரியாக விளக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் சொன்னால் நடக்கும். கிராமசபைக் கூட்டங்களிலும் செய்யலாம். கடற்கரைக் கிராமங்களில் தடைக்காலம் தொடங்கும் முன், மே மாதத்திலேயே செய்ய வேண்டும். ஜூலையில் வந்து சொன்னால் ஃபீஸ் கட்டி முடித்திருப்பார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. ஒரு மாதிரி பில்லை, பெயர் எதுவும் இல்லாமல், அரைப் பக்கத்துக்கு வெளியிடுங்கள். மொத்தத் தொகை எங்கே இருக்கிறது, குறைந்தபட்சத் தொகை எங்கே, ஃபைனான்ஸ் சார்ஜ் என்ற பெயரில் வட்டி எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எங்கே, கடைசித் தேதி எங்கே என்று அம்புக்குறி போட்டுத் தமிழில் எழுதுங்கள். கிறிஸ்துமஸ் துணி எடுக்கக் கூட்டம் கிளம்பும் முன், டிசம்பர் முதல் வாரத்துக்குள் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கார்டு பில் கட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பெயர் வந்தால் கடை தெரியும், கடை தெரிந்தால் இங்கே நான் சொன்னவர்கள் யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.